மஞ்சள் துணியில் முடிந்த காசு

முத்துமாரியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் வல்லத்திராக்கோட்டையில் பெயர். எவர் தோட்டத்தில் எவர் ஆடு மேய்ந்தது என்று பஞ்சாயத்தில் கேட்டால், மேய்ந்தது பங்காளி வீட்டு ஆடாக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். அதனாலேயே பங்காளிகள் யாரும் அவளைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு பொய்யை மட்டும் முப்பது வருஷத்துக்கும் மேலாக அடைகாத்து வந்தாள். அந்தப் பொய் அவளுடைய மகளின் வயிற்றில், தொப்புளுக்கு மேலே, மூன்று தழும்புகளாக இருந்தது.

மகள் பிரகதீஸ்வரிக்கு அப்போது மூன்று வயது. புருஷன் நாகராசு சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். பங்குனி மாதம் முத்துமாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆவுடையார்கோவில் பக்கம் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். போன இடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். பங்குனியில் காய்ச்சல் என்றால் அந்த வீட்டில் வேறு யோசனையே கிடையாது. அம்மன் வந்திருக்கிறாள் என்று நிலையில் வேப்பிலையைச் செருகிவிட்டார்கள், மாத்திரை மருந்து எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் உச்சிவேளையில் பிள்ளையின் கண்கள் மேலே செருகிக்கொண்டன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கடைவாயில் நுரை தள்ளியது.

தம்பி சந்தனம் சைக்கிளை எடுத்தான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முத்துமாரி பின்னால் உட்கார்ந்தாள். சைக்கிள் ஆஸ்பத்திரி ரோட்டுக்குத் திரும்பியதும் அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வேணாம்டா. அங்க கம்பவுண்டரு எங்க வீட்டுக்காரருக்கு மச்சான் மொறை. சாயந்தரத்துக்குள்ள வல்லத்திராக்கோட்டைக்குச் சேதி போயிரும். வலிப்புக்காரப் புள்ளைன்னு பேரு வந்துருச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்?"

மூன்று வயதுப் பிள்ளைக்கு நுரை தள்ளிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை கிடைப்பானா என்று கவலைப்பட்ட தாயைப் பார்த்து யாரும் சிரித்துவிட வேண்டாம். அந்த ஊர்ப் பக்கம் அவள் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சைக்கிள் வேறு பக்கம் திரும்பியது. சூடு போடுகிற ஆள் ஒருவர் தோப்புக்குள் இருந்தார். விரலி மஞ்சளை நெருப்பில் காட்டிக் கனிய வைத்து, பிள்ளையின் வயிற்றில் மூன்று இடத்தில் அழுத்தினார். பிள்ளை அலறிய அலறல் முத்துமாரியின் காதை விட்டு இன்னும் போகவில்லை. காய்ச்சல் தணிந்தது, வலிப்பு அதற்கப்புறம் வரவேயில்லை. புகுந்த வீட்டில் கேட்டவர்களிடம் "காமாலை, அதுக்குச் சூடு போட்டோம்" என்றாள். காமாலைக்கும் சூடு போடுகிற ஊர்தான் என்பதால் யாரும் துருவவில்லை. சவுதியிலிருந்து வந்த நாகராசுவும் நம்பினார். அந்த நம்பிக்கையோடேயே சில வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். பிறந்த வீட்டுப் பெரியவர்களும் இல்லை, சந்தனமும் இல்லை, சூடு போட்டவரும் இல்லை. உண்மையை அறிந்த ஆள் உலகத்தில் முத்துமாரி ஒருத்திதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எந்தக் கல்யாணத்துக்காக அந்தப் பொய் சொல்லப்பட்டதோ அந்தக் கல்யாணம் நடக்கவேயில்லை. பிரகதி புதுக்கோட்டையில் அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்து, பூனாவில் ராணுவத்துக்கு டாக்டர்களை உருவாக்குகிற கல்லூரியில் இடம் வாங்கினாள். அங்கிருந்து விமானப்படைக்குப் போனாள். லடாக்கில் மூச்சுத் திணறும் சிப்பாய்களுக்கு நடுவில் இரண்டு குளிர்காலம், ராஜஸ்தானில் ஒரு விமானத்தளம், அப்புறம் பெங்களூரில் விமானிகளின் உடம்பைப் பற்றிய மேல்படிப்பு. ஒவ்வொரு ஊரிலிருந்தும் முத்துமாரிக்குப் போன் வரும், இவள் இங்கிருந்து ஒரு ஜாதகத்தைச் சொல்வாள், அங்கிட்டு சிரிப்புச் சத்தம் கேட்கும். கடைசியில் ஜாதகக்காரர்களே அலுத்துப்போனார்கள். மகள் விங் கமாண்டர் ஆகிவிட்டாள். அது பெரிய பதவி என்று மட்டும் முத்துமாரிக்குத் தெரியும்.

போன வருஷம் புதிதாக ஒரு செய்தி வந்தது. விண்வெளிக்குப் போகும் குழுவில் ஒரு டாக்டரையும் சேர்க்கப் போகிறார்கள், பிரகதி விண்ணப்பித்திருக்கிறாள். முதலில் நூற்றுக்கணக்கான பேர், அப்புறம் சில பேர், இப்போது நான்கே பேர். பெரிய ராட்டினம் மாதிரி ஒன்றில் கட்டிவைத்துச் சுற்றுவார்களாம், நெஞ்சின் மேல் ஆட்களை ஏற்றி உட்கார வைத்தது போல் கனக்குமாம், அப்போதும் பொத்தான்களைச் சரியாக அழுத்த வேண்டுமாம். ஜன்னல் இல்லாத அறைக்குள் நாள்கணக்கில் பூட்டிவைத்து மனசு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்களாம். மகள் இதையெல்லாம் ஏதோ திருவிழாவுக்குப் போய்வந்தவள் போலச் சொல்வாள். முத்துமாரி "ம்" கொட்டுவாள். போனை வைத்தபின் கையில் எடுத்த வேலை ஓடாது.

ஊருக்கு என்ன, ஊர் குதித்தது. பஸ் ஸ்டாப் டீக்கடைச் சிவபிரகாஷ் பிளக்ஸ் போர்டுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டான், தேதி மட்டும்தான் பாக்கி. "ஒங்க மக ராக்கெட்ல போகப் போறாங்களாமே அத்தை" என்று வழியில் போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். முத்துமாரி சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். டிவியில் ஒருநாள் ராக்கெட் கிளம்புவதைக் காட்டினார்கள். அடியில் அத்தனை நெருப்பு. அந்த நெருப்பின் உச்சியில் தன் பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்ததும் அவள் டிவியை அணைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே குளித்து, ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து நார்த்தாமலை முத்துமாரியம்மனை நினைத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் ஊரே அவளைக் காறித் துப்பியிருக்கும்.

கடலை பிடுங்குகிற சமயத்தில், ஒரு சனிக்கிழமைக் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் பிரகதி வந்து நின்றாள். கையில் ஒரு பைதான். திங்கட்கிழமை தேர்வுக் குழுவின் கடைசி அமர்வு என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள். அந்த வேளையில் இங்கே இவளுக்கு என்ன வேலை என்று முத்துமாரிக்குச் சுருக்கென்றது.

"என்ன தாயி, திடீர்னு?"

"சும்மாதான்ம்மா. ஒங்களப் பாக்கணும்னு இருந்துச்சு."

சும்மா வருகிற முகம் இல்லை அது. பிரகதி குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். மஞ்சள் துணி முடிச்சைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்காக முடிஞ்சு வச்சிருக்கீங்களா?" என்றாள். முத்துமாரி இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் இருவரும் முற்றத்தில் கடலைச் செடிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பிரகதியும் செடியை எடுத்துக் காயை ஆயத் தொடங்கினாள். கை இன்னும் மறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, செடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, எனக்குச் சின்ன வயசுல காமாலை வந்துச்சுன்னு சொல்லுவீங்கள்ல?"

முத்துமாரியின் விரல் நின்றது.

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு வாரது பெரும்பாலும் ஒரே வகைக் காமாலைதான். அது ஒரு தடவ வந்துட்டாலே ரத்தத்துல அடையாளம் ஆயுசுக்கும் நிக்கும். எனக்கு அது இல்ல. வேற யாரும் அதக் கவனிக்கல, நான் கவனிச்சேன்." செடியைக் கீழே வைத்தாள். "அப்ப எதுக்கும்மா எனக்குச் சூடு போட்டீங்க?"

வாசலில் யாரோ பைக்கில் போனார்கள். முத்துமாரி அந்தச் சத்தம் போன திசையைப் பார்த்தாள். மகள் விடவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். வியாதிக்காரர்களைப் பார்த்துப் பழகிய பார்வை அது, அவசரமே படாது.

"வலிப்பு வந்துச்சு" என்றாள் முத்துமாரி. குரல் தரையைப் பார்த்து வந்தது. "ஒருக்காதான் வந்துச்சு. ஒங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது."

பிரகதி எழுந்துவிட்டாள். முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், நடப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"இத்தன வருஷமா ஒவ்வொரு மெடிக்கல் போர்டுலயும் காமாலைன்னு சொல்லியிருக்கேன். ஒரு பைலட் மயக்கம் வந்ததை மறைச்சான். அவனை இனிமே பறக்கக் கூடாதுன்னு எறக்கி விட்டது யாரு? நான். அவன் அழுதான்ம்மா, என் முன்னாடி ஒக்காந்து அழுதான். ஒடம்பைப் பத்திப் பொய் சொல்றவன் கூடப் போறவனையும் சேத்துக் கொல்லுவான்னு அவன்கிட்ட நான் சொன்னேன்."

மகள் திரும்பி வந்து எதிரில் குத்தவைத்தாள். மூச்சை இழுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"கேளுங்க. காய்ச்சல்ல வாரது ஒரு வலிப்பு. அது சின்ன வயசோட போயிரும். போர்டுல யோசிப்பாங்க, ஒருவேளை விட்டுருவாங்க. காய்ச்சல் இல்லாம தானா வந்துருந்தா அது மூளைல இருந்து வந்தது. அன்னைக்கே கதவச் சாத்திருவாங்க. இப்பச் சொல்லுங்க. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள் முத்துமாரி. "நெருப்பாக் கொதிச்சுச்சு. ரெண்டு நாளா."

பிரகதி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நான் ஒரு முட்டாள். எதச் சொன்னா நல்லதுன்னு சொல்லிட்டா கேள்வி கேப்பாங்க? முதல் வருஷத்துப் பையன்கூட இந்தத் தப்பப் பண்ண மாட்டான். இப்ப நீங்க வேற என்ன சொல்லுவீங்க?"

"நெசத்தத்தான் சொல்றேன் தாயி."

"காமாலையும் நெசம்னுதான் சொன்னீங்க."

அந்த வார்த்தை முத்துமாரியைச் சுட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் யாரும் அவளிடம் சொல்லத் துணியாத வார்த்தையைப் பெற்ற மகள் சொல்லிவிட்டாள். அதிலும் தப்பில்லாமல் சொல்லிவிட்டாள்.

பிரகதி போனை எடுத்தாள். தேர்வுக் குழுவில் நாகர்கோவில்காரர் ஒருவர் இருந்தார், டாக்டர் ஷர்லி. அவருக்குத்தான் பேசினாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். வலிப்பு, தழும்பு, காய்ச்சல் என்கிற சொற்கள் முத்துமாரியின் காதில் விழுந்தன. கடைசியாகச் சொன்னது முழுசாக விழுந்தது. "இல்ல மேடம், வேற சாட்சி கிடையாது. எங்கம்மா எனக்காக எதையும் சொல்லுவாங்க. நானே விலகிக்கிறேன்."

விலகிக்கொள்கிறாள்.

முத்துமாரி கடலைச் செடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்காக அவள் ஏங்கியது இதற்குத்தான். நார்த்தாமலைக்காரி கேட்டுவிட்டாள். இனி நெருப்பும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. பிள்ளை தரையில் இருப்பாள், லீவுக்கு வருவாள், முற்றத்தில் உட்கார்ந்து கடலை ஆய்வாள். பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளுக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் லேசானது. அடுத்த கணமே மகளின் முதுகைப் பார்த்தாள். போனைக் காதில் வைத்துச் சுவரைப் பார்த்து நின்ற அந்த முதுகு, பரீட்சையில் தோற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முதுகு மாதிரி கூனிப்போயிருந்தது. எந்தப் பரீட்சையிலும் தோற்காத பிள்ளை. இப்போதும் அவள் தோற்கவில்லை. தோற்கடித்தது யார் என்று முத்துமாரிக்குத் தெரியும்.

பிரகதி திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. "ஒங்ககிட்டப் பேசணுங்கிறாங்க. நான் பக்கத்துல இருக்கக் கூடாதாம்." போனைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். வேலியோரம் போர்செட் மோட்டார் அறைப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"வணக்கம் அம்மா. ஷர்லி பேசுறேன்" என்றது போன். தன்மையான குரல். "அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதை ஒங்க போக்குல சொல்லுங்க. நான் குறுக்கே பேச மாட்டேன்."

முத்துமாரி சொன்னாள். வேப்பிலை செருகியது, மாத்திரை கொடுக்காதது, உச்சிவேளை, சைக்கிள், கம்பவுண்டர், மஞ்சள். எதையும் விடவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிய சைக்கிளைத் தானே வேறு பக்கம் திருப்பியதையும் சொன்னாள். முப்பது வருஷமாக நெஞ்சில் கிடந்தது, ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"காய்ச்சல் இருந்தா நல்லதுன்னு ஒங்க மக முன்னாடியே சொன்னாங்களாம்மா?"

"சொன்னா. இருந்துச்சுன்னா அனுப்புவாங்க, இல்லைன்னா அனுப்ப மாட்டாங்கன்னு சொன்னா."

"அப்ப, மகளுக்காக நீங்க இப்படிச் சொல்றீங்கன்னு நாங்க நினைக்கலாம் இல்லையா?"

முத்துமாரி எழுந்து சாமி படத்துக்கிட்டப் போனாள். மஞ்சள் முடிச்சைக் கையில் எடுத்தாள். எதிரில் ஆள் நிற்பது போல அதைப் போனுக்கு முன்னால் நீட்டினாள். போனில் பேசும்போது அவளுக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும், பெங்களூருக்குப் போனில்லாமலே கேட்கும் என்று நாகராசு கிண்டல் செய்வார். இப்போது அந்தக் குரல் உடைந்தும் வந்தது, ஓங்கியும் வந்தது.

"நான் காசு முடிஞ்சு வச்சிருக்கேங்க. நார்த்தாமலை ஆத்தாளுக்கு. எம் மக இதுல தேறக் கூடாது, அவளை வேணாம்னு நீங்க திருப்பி அனுப்பிறணும், அப்படி அனுப்பிட்டீங்கன்னா அக்கினிச் சட்டி எடுக்குறேன்னு வேண்டிக்கிட்டு முடிஞ்சதுங்க. அவளுக்குத் தெரியாது. எனக்கு அவ அந்த நெருப்பு மேல ஒக்காந்து போறது புடிக்கலைங்க. ஒரு தடவ நானே அவளுக்கு நெருப்பு வச்சேன், அந்த அலறல் போதுங்க எனக்கு. இப்பக் காச்சலே இல்லைன்னு ஒரு வார்த்த சொன்னா எம் புள்ள ஏங்கிட்ட தங்கிருவா. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். காச்சல் இருந்துச்சுங்க. கைய வச்சா ஒட்டுற மாதிரி கொதிச்சுச்சு."

"சரிம்மா" என்றார் ஷர்லி. "நான் வாக்கு எதுவும் கொடுக்க முடியாது. மூளையையும் மறுபடி சோதிச்சுப் பாக்கணும், குழுவுல இருக்குற அஞ்சு பேரும் உக்காந்து பேசணும். ஆனா நீங்க சொன்னதை அப்படியே எல்லார்கிட்டயும் சொல்வேன். அவங்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பிரகதி நிலைப்படியில் நின்றிருந்தாள். மோட்டார் அறை வரைக்கும் கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

முத்துமாரி முடிச்சைச் சேலைக்குள் மறைக்கப் பார்த்தாள். மகள் வந்து அவள் கையைப் பிடித்து விரித்தாள்.

"எனக்காக முடிஞ்சதுன்னு நெனச்சேன்."

"ஒனக்காகத்தான் முடிஞ்சேன்."

பிரகதிக்கு அழுகை வந்துவிட்டது. ராணுவத்தில் சேர்ந்த பிறகு அவள் அழுது முத்துமாரி பார்த்ததில்லை, அப்பா செத்தபோதுகூடக் காரியங்களை முடித்துவிட்டுத்தான் தனியாகப் போய் உட்கார்ந்தாள். இப்போது தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்லம்மா" என்றாள். முத்துமாரி மகளின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பின் வந்த வாரங்கள் கொடுமை. தலையில் கம்பிகளை ஒட்டித் தூங்கவிடாமல் சோதித்தார்கள், கண்ணுக்கு நேராக விளக்கை மின்ன வைத்துப் பார்த்தார்கள், மறுபடியும் ராட்டினத்தில் சுற்றினார்கள். எங்காவது ஒரு கோடு பிசகினால் ஆட்டம் முடிந்தது என்று பிரகதி சொல்லியிருந்தாள். முத்துமாரி தினமும் சாமி படத்துக்கு முன்னால் போய் நிற்பாள், எதைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடுவாள். தேற வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை, தேறக் கூடாது என்று கேட்க மனசு வரவில்லை. அம்மனே குழம்பிப்போயிருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை, களத்தில் காய்ந்த கடலையைத் துழாவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"அம்மா, எடுத்துட்டாங்க."

முத்துமாரி வெயிலில் அப்படியே நின்றாள். பிறகு கடலைப் பரப்பின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கேன் தாயி. எப்ப வாரே?"

"ட்ரெயினிங் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் லீவு தருவாங்க. வாரேன்."

"அதக் கேக்கல. போயிட்டு எப்ப வாரே?"

போக இன்னும் ரெண்டு வருஷம் ஆகும், போனால் சில நாளில் வந்துவிடலாம் என்று பிரகதி சொன்னாள். முத்துமாரி சரி என்று போனை வைத்தாள்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினாள். மஞ்சள் முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். அந்தக் காசை நார்த்தாமலை உண்டியலில் போட்டு ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு வெள்ளிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று தனியாக வைத்தாள். பிறகு அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள் எடுத்துக் குழைத்து, புதுத் துணியில் தடவி, வேறொரு காசை வைத்தாள். இந்த முறை என்ன கேட்பது என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இறுக்கி முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, வெயில் இறங்குவதற்குள் கடலையை அள்ளிவிட வேண்டும் என்று களத்துக்குப் போனாள்.